கூலன்ட் அடிக்கடி குறையுதா? இன்ஜின் ஹெட்டைக் கழட்டும் முன் இந்த டெஸ்டைக் கேளுங்க!

வெளியே ஒரு சொட்டுகூட தெரியவில்லை, ஆனால் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. எங்கே போகிறது? பிரஷர் டெஸ்ட் அதை எப்படிக் காட்டிக்கொடுக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

மேட்டுப்பாளையத்தில் டிபன் முடித்துவிட்டு ஊட்டிக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி ஃபுல்லில் ஓடுகிறது. பர்லியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே நகர்கிறது. கொஞ்ச நேரத்தில் பானட் ஓரத்திலிருந்து ஆவி. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் கூலன்ட் டேங்க் காலி. "போன வாரம்தானே ஊத்தினேன்?" என்கிறார் ஓட்டி வந்தவர்.

மலை ஏறும்போது வண்டி சூடானது அன்றைய பிரச்சினை இல்லை. போன வாரம் ஊற்ற வேண்டி வந்ததே, அப்போதே ஆரம்பித்துவிட்ட பிரச்சினை அது.

பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை கூலன்ட். இன்ஜின், ஹோஸ், ரேடியேட்டர், மறுபடி இன்ஜின் என்று மூடிய பாதைக்குள்ளேயே சுற்றி வருவது. பல மாதங்களில் டேங்கில் சிறிதளவு இறங்கலாம், அது சகஜம். புதிதாக கூலன்ட் மாற்றிய முதல் சில நாட்களிலும், உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் லெவல் கொஞ்சம் இறங்கும். ஆனால் மேக்ஸிமம் கோட்டில் இருந்தது இரண்டு, மூன்று வாரத்தில் மினிமம் கோட்டுக்கு வந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது. "தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் சில நூறு ரூபாய் வேலையைப் பல ஆயிரம் ரூபாய் வேலையாக மாற்றுகிறது.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. கூலன்ட் குறைகிறது என்று சொன்னதுமே, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், ஹெட்டைக் கழட்டணும்" என்று ஒரு டெஸ்ட்டும் செய்யாமல் சொல்லிவிடுவது. கழட்டிப் பார்த்தபின் கசிந்தது ஒரு ஹோஸ் கிளிப் என்று தெரிந்தால், கழட்டிய கூலியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அந்தச் சின்ன மூடி செய்யும் வேலை

சாதாரண தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 107 டிகிரி. இன்ஜின் வழக்கமாக ஓடும் வெப்பநிலையே 90 டிகிரியை ஒட்டி இருக்கும். மலை ஏறும்போதோ, டிராஃபிக்கில் நிற்கும்போதோ அது இன்னும் கூடும். இடைவெளி ரொம்பக் குறைவு.

இந்த இடைவெளியை அதிகமாக்குவது அழுத்தம். பிரஷர் குக்கரில் நடப்பதேதான். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங், உள்ளே ஏறும் அழுத்தத்தை ஒரு அளவு வரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். மூடியின் மேலே 0.9, 1.1 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த அழுத்தத்தின் அளவு. பிஎஸ்ஐ கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 13 முதல் 16 வரை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதே பாதிக்குப் பாதி கலவை கிட்டத்தட்ட 129 டிகிரியில்தான் கொதிக்கும்.

சிறிய லீக்கை அலட்சியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான். ஓட்டை வழியாக கூலன்ட் மட்டும் போவதில்லை, அழுத்தமும் போகிறது. டேங்கில் இன்னும் பாதி இருந்தாலும், அழுத்தம் இல்லாததால் கூலன்ட் முன்கூட்டியே கொதிக்க ஆரம்பித்துவிடும். கொதித்தால் ஆவிக் குமிழ்கள், குமிழ் இருக்கும் இடத்தில் உலோகம் குளிராது. இன்று பெரும்பாலான கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதிகம் சூடானால் அது வளைந்துவிடும். அப்போது நல்லா இருந்த ஹெட் கேஸ்கட்டும் நிஜமாகவே போய்விடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு மார்க்கர் பேனா போதும். காலையில், இன்ஜின் முழுசா ஆறியிருக்கும்போது, சமமான தரையில் நிறுத்திய காரில் கூலன்ட் டேங்கின் வெளிப்பக்கம் லெவலைக் கோடு போட்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் விரிந்து மேலே நிற்கும் என்பதால் மாலையில் பார்த்து ஒப்பிடக்கூடாது. காலைக்குக் காலைதான் கணக்கு. ஒரு வாரத்தில் கோடு எவ்வளவு இறங்கியது என்பது மெக்கானிக்குக்கு மிகவும் உபயோகமான தகவல்.

ராத்திரி காரை நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்கலாம். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று தெரியும். இங்கே பலரும் ஏமாறுவது ஏசி தண்ணீரைப் பார்த்து. ஏசி ஓடினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கூலன்ட் என்றால் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று ஏதோ ஒரு நிறம் இருக்கும், விரலில் தொட்டால் வழவழப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாசனை வரும். வாயில் வைத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அதில் உள்ள எத்திலீன் கிளைகால் விஷம்.

பானட்டைத் திறந்து ஹோஸ் இணைப்புகளையும் பாருங்கள். கசிந்த கூலன்ட் சூட்டில் காய்ந்து, வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ உப்புப் படிந்த மாதிரி பொறுக்கு கட்டியிருக்கும். சொட்டு தெரியாவிட்டாலும் இந்தக் கறை தெரியும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பில் இதை அடிக்கடி பார்க்கலாம். போர்வெல் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் கேட்கவே வேண்டாம், உள்ளேயும் உப்பு படிந்து, அரிப்பும் சேர்ந்து ரேடியேட்டரே கெட்டுப்போயிருக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சில கார்களில் அழுத்தம் பிடிக்கும் மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்க் வெறும் சேமிப்புத் தொட்டி. இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் இந்தத் தொட்டியிலிருந்து கூலன்ட்டை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். எங்காவது லீக் இருந்தால், உறிஞ்சும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். தொட்டியில் கூலன்ட் அப்படியே நிற்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும்! "டேங்க்ல ஃபுல்லா இருக்கே" என்று நினைத்திருக்கும்போதே வண்டி சூடாவது இப்படித்தான். இந்த வகைக் காரில் வாரம் ஒருமுறை, ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்ப்பது நல்லது. வேறு சில கார்களில் ரேடியேட்டருக்கு மூடியே கிடையாது. பிளாஸ்டிக் டேங்கே அழுத்தத்தில் இருக்கும். அதன் மூடியையும் சூட்டில் தொடக்கூடாது.

பிரஷர் டெஸ்ட்: ஓடாத இன்ஜினில் லீக்கைப் பிடிப்பது

ஓடும் இன்ஜினில் லீக்கைத் தேடுவது கஷ்டம். ஃபேன் சுற்றும், பெல்ட் ஓடும், கசியும் கூலன்ட் சூட்டில் உடனே ஆவியாகிவிடும். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டால் அழுத்தமே இல்லை, அதனால் கசிவும் இல்லை. இந்தச் சிக்கலுக்கான எளிய வழிதான் பிரஷர் டெஸ்ட். இன்ஜின் ஆறிய நிலையிலேயே, வெளியிலிருந்து அழுத்தத்தைக் கொடுத்துப் பார்ப்பது.

கருவி பெரிய விஷயம் இல்லை. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பு, அதில் ஒரு மீட்டர், வெவ்வேறு கார்களின் மூடி அளவுக்கு ஏற்ற அடாப்டர்கள். முதலில் கூலன்ட்டை சரியான லெவலுக்கு நிரப்ப வேண்டும். பிறகு மூடி இருக்கும் இடத்தில் அடாப்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் எண் வரை பம்ப் அடிப்பார்கள். அதற்கு மேல் அடிப்பது தப்பு. "நல்லா தெரியட்டும்" என்று கூடுதலாக ஏற்றினால், பழைய ரேடியேட்டரிலோ ஹீட்டர் குழாயிலோ புதுசாக ஒரு லீக்கை நாமே உருவாக்கிவிடுவோம்.

அடுத்து வேண்டியது பொறுமை. பத்து, பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால், ஆறிய நிலையில் லீக் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஹோஸ்கள் கொஞ்சம் உப்புவதால் முள் லேசாக இறங்கி நின்றுவிடலாம், அது வேறு. தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால்தான் லீக். அடாப்டர் சரியாக உட்காராததால்கூட முள் இறங்கும் என்பதால், அதைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவார் அனுபவமுள்ள மெக்கானிக்.

முள் இறங்கும்போதே டார்ச்சுடன் தேடல் தொடங்கும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டர் விளிம்பு, இன்ஜின் பிளாக்கில் அடித்து வைத்திருக்கும் வட்டமான தகட்டு மூடிகள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பம்ப் உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் இந்தத் துளை வழியாக வெளியே வரும்படி வேண்டுமென்றே வைத்த துளை அது. அங்கே ஈரம் என்றால் பம்ப் மாற்ற வேண்டிய நேரம். அதை எம்-சீல் போட்டு அடைப்பவர்களும் உண்டு! அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய், பம்ப் மொத்தமாக ஜாம் ஆகும்.

சில லீக்குகள் ஆறிய நிலையில் மட்டும் வரும். குளிரில் ரப்பரும் உலோகமும் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விழும். சூடானதும் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். வேறு சில இதற்கு நேர் எதிர், சூட்டில் மட்டும் திறக்கும். அதனால் ஆறிய டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாவிட்டால் "லீக் இல்ல சார்" என்று அனுப்பிவிடாமல், இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி இன்னொரு முறை பார்ப்பதுதான் முறை. அதற்காக சூட்டோடு மூடியைத் திறந்து டெஸ்டரை மாட்டுவது ஆபத்து. ஆறிய நிலையிலேயே மாட்டிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மூடிக்கும் டெஸ்ட் உண்டு

எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்தால், குற்றவாளி மூடியாகவே இருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்தால் 1.1-ல் திறக்க வேண்டியது 0.5-லேயே திறந்துவிடும். கூலன்ட் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போய் ரோட்டில் ஆவியாகிவிடும், காரில் எந்த ஓட்டையும் இருக்காது. அதே பம்பில் மூடிக்கான அடாப்டரைப் போட்டு, எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். மூடியில் உள்நோக்கித் திறக்கும் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. அது அடைத்துக்கொண்டால், இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டு சப்பையாகக் கிடக்கும். மொத்த சிஸ்டத்திலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று இந்த மூடி. அதையும் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

முள் இறங்குது, ஆனா சொட்டே இல்லையே?

குழப்பமான இடம் இதுதான். அழுத்தம் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை. அப்படியென்றால் கூலன்ட் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

முதலில் காருக்குள் பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்காக ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அது கசிந்தால் முன் சீட் பக்கம் கால்மிதி ஈரமாகும், உள்ளே இனிப்பு வாசனை வரும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூட்டம் படியும். ஹீட்டரைப் போடவே தேவையில்லாத சென்னை மாதிரியான ஊர்களில் இதை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

டீசல் வண்டி என்றால் ஈஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். இதன் உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு கலந்து சைலன்ஸர் வழியாக வெள்ளையாக வெளியேறும். பார்க்க அப்படியே ஹெட் கேஸ்கட் கோளாறு மாதிரியே இருக்கும். ஹெட்டைக் கழட்டி, கேஸ்கட் மாற்றி, திரும்பப் பூட்டியபிறகும் கூலன்ட் குறைந்தால் இதைத்தான் முதலில் விட்டிருப்பார்கள்.

பிறகுதான் ஹெட் கேஸ்கட். பெட்ரோல் காரில் பிரஷரை ஏற்றிச் சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டிப் பார்ப்பார்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் ஈரம் என்றால் லீக் அங்கேதான். சிறு கேமராவை உள்ளே விட்டும் பார்க்கலாம். இன்னொரு வழி, டெஸ்டரை மாட்டியபடியே ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. கூலன்ட் சூடாகும் முன்பே முள் சடசடவென்று ஏறினால், சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட் பாதைக்குள் புகுகிறது என்று அர்த்தம். அந்த நொடியே இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும்.

இதை உறுதிப்படுத்த நீல நிறத் திரவத்தை வைத்து ஒரு கெமிக்கல் டெஸ்ட்டும் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் கேஸ்கட்டிலோ ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருப்பதற்கு வலுவான ஆதாரம். மாறாவிட்டால் நூறு சதவீதம் நிம்மதி என்று சொல்ல முடியாது. லோடு ஏற்றும்போது மட்டும் திறக்கும் சின்ன விரிசல் இந்த டெஸ்ட்டில் தப்பிக்கலாம். கூலன்ட் திரவம் குழாய்க்குள் ஏறிவிட்டால் ரிசல்ட்டை நம்பக்கூடாது, திரும்பச் செய்யணும்.

ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதைக் காட்டி "கேஸ்கட் போச்சு" என்று சொல்வதும் உண்டு. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில், இன்ஜின் முழுசா சூடாகாததால் ஈரப்பதம் சேர்ந்தும் அப்படி வரும். குளிர்ந்த காலையில் சைலன்ஸரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகையும் அப்படித்தான். சூடான பிறகும் நிற்காமல் வந்தால்தான் கவனிக்கணும். ஆயில் டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ பண்ணித்தான் கொண்டுபோகணும்.

மாதக்கணக்கில் மிக மெதுவாகக் கசியும் லீக்குக்கு யூவி டை வழி இருக்கிறது. கூலன்ட்டில் சாயத்தைக் கலந்து சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த இடம் மஞ்சள் பச்சையாக மின்னும்.

கடைகளில் கிடைக்கும் லீக் அடைக்கும் திரவத்தை ஊற்றலாமா? ஓட்டையை அடைக்கும் பொருள், நல்ல குழாயையும் அடைக்கும். நடு வழியில் வேறு வழியே இல்லாதபோது ஊர் போய்ச் சேர உதவலாம், ரிப்பேர் என்று நினைக்கக்கூடாது. ஊற்றியிருந்தால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வழியில் ஆவி வந்தால்...

ஏசியை அணைத்து, முடிந்தால் ஹீட்டரை முழுசா வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். டெம்பரேச்சர் முள் திடீரென்று கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்ட்டே இல்லாமல் போனாலும் முள் இறங்கும். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் "அடுத்த பங்க் வரைக்கும்" என்று ஓட்டவே கூடாது.

மூடியைத் திறக்கக் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள், மேல் ஹோஸைத் தொட்டால் சுடக்கூடாது, அமுக்கினால் விறைப்பாக இருக்கக்கூடாது. 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அடைந்து கிடக்கும் கூலன்ட், மூடி திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் பீறிடும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தாலும் அதைத் தடுக்க முடியாது. பட்டுவிட்டால் பேஸ்ட், பேனா மை எதுவும் தடவாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போகணும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் விழலாம். ஆறிய பிறகு ஊற்ற நல்ல தண்ணீர் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஊற்றலாம். ஊர் திரும்பியதும் அதை இறக்கிவிட்டு சரியான கலவையை நிரப்ப வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் என்ன கேட்கணும்?

"அண்ணே, முதல்ல பிரஷர் டெஸ்ட் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் போதும். பக்கத்தில் நின்று முள் எங்கே ஆரம்பித்தது, பத்து நிமிடத்தில் எங்கே நின்றது என்று போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட் கேஸ்கட் என்று சொன்னால், எந்த டெஸ்ட்டில் அது தெரிந்தது என்று கேளுங்கள். கருவி இல்லாத சின்ன ஒர்க்ஷாப்பாக இருந்தால், வேறு இடத்தில் டெஸ்ட் மட்டும் எடுத்து வந்து வேலையை அவரிடமே கொடுக்கலாம். லிக்விட் கூல்டு பைக்குகளுக்கும் இதே டெஸ்ட்தான், அடாப்டர் மட்டும் சின்னது.

வேலை முடிந்ததும் அதே டெஸ்ட்டை மறுபடி போட்டு, முள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பில் கட்ட வேண்டும். கூலன்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்றையும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் லீக்கே இல்லாமல் வண்டி சூடாகும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு கூலன்ட்டைக் கலக்காதீர்கள். நிறத்துக்கும் உள்ளிருக்கும் கெமிக்கலுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு.

இறக்கிய பழைய கூலன்ட்டைத் தரையிலோ சாக்கடையிலோ கொட்ட விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெரு நாய்களும் பூனைகளும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும். அட்டையில் சொட்டியதையும் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, குழந்தைகள் கை வைக்காத இடமாகப் பார்த்து அப்புறப்படுத்தணும்.